அருள்மலரின் வாக்குமூலம்

அருள்மலரைப் பற்றி எங்கிருந்து தொடங்கினாலும் என்னுடைய பிழையில்தான் போய் முட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுடைய தத்துப்பிள்ளையைப் பற்றி உள்ளூராட்சிக் கவுன்சில் வைத்திருக்கும் பைலில் எட்டு இடத்தில் ஒரே விஷயம் எழுதப்பட்டிருக்கிறது: வீட்டில் எல்லாம் நலம், தாய்க்கு உதவி எதுவும் தேவைப்படவில்லை. அப்படிச் சொன்னது அவள். சொல்லிக்கொடுத்தது நான்.

என் பெயர் ஜெராட். லண்டனுக்கு வந்து முப்பத்தாறு வருடம். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றேன் என்பது பேருக்கு. என்னுடைய உண்மையான உத்தியோகம் மற்றவர்களுக்கு விண்ணப்பப் போம் நிரப்பிக் கொடுப்பது. மோர்டன் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை நடக்கும். பூசை முடிந்ததும் மண்டபத்தின் மூலையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். விசா, பெனிபிட், பள்ளிக்கூட இடம், கவுன்சில் வீடு என்று எதையும் கொண்டுவருவார்கள். கூலி வாங்கமாட்டேன். ஒரு ரோல்ஸும் பால் விடாத பிளேன்ரீயும் தந்தால் போதும். ஜெராட் அண்ணை எழுதினால் திரும்பி வராது என்று சனம் சொல்லும். அதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிமிரும், மறைக்கமாட்டேன். அந்தப் பெருமைக்கான விலையை வேறு ஒருத்தி கொடுத்தாள்.

அவளுடைய புருசன் சூசைதாசன் மன்னார்க்காரன், பஸ் ஓட்டுகிறவன். தொண்ணூற்றொன்பதில் அகதியாக வந்தான். முதல் நேர்காணலில், ஊரில் தன்னை மூன்று மாதம் தடுத்து வைத்திருந்தார்கள் என்றான். இரண்டாவதில் ஐந்து மாதம் என்றான். அடி வாங்கிக்கொண்டு கிடந்தவன் நாட்களையா எண்ணுவான்? நிராகரிப்புக் கடிதத்தில் அந்த இரண்டு மாதத்தைத்தான் எழுதியிருந்தார்கள். சொன்னதை மாற்றிச் சொல்கிறார், ஆகவே நம்பத் தகுந்தவர் அல்ல. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் மாதாமாதம் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்தான். தாய் செத்தபோதும் போக முடியவில்லை. மேல்முறையீடுகளை எல்லாம் வழக்கறிஞரோடு இருந்து எழுதியவன் நான். அந்த ஒன்பது வருடத்தில் எனக்கு ஒரு சட்டம் பழகிவிட்டது. முதல் சொன்னதை ஒருநாளும் மாற்றக்கூடாது. எழுதுகிறவர்களுக்கு முன்னால், அவர்கள் கேட்டாலும், குறை சொல்லக்கூடாது. வந்தவர்கள் எல்லோருக்கும் இதையேதான் சொல்லிக்கொடுத்தேன்.

அருள்மலர் யாழ்ப்பாணத்துப் பாசையூர்ப் பெண். சூசைக்கு விசா சரிவந்த அடுத்த வருடம் கலியாணம் முடித்து வந்தாள். ஓர் ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் வேலை எடுத்தாள். முந்நூறு பிள்ளைகளில் யார் பட்டாணி தின்னமாட்டார்கள், யார் தின்னுவதுபோல் நடித்து மேசைக்கு அடியில் போடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். பெரிய குரல். பாடகர் குழுவில் அரைத் தாளம் பிந்தித்தான் பாடுவாள், பிந்துவது தெரிந்ததும் இன்னும் சத்தமாகப் பாடுவாள். பஸ் வரிசையில் யாராவது இடையில் புகுந்தால், அது பொலிஸ்காரனாக இருந்தாலும், பின்னுக்குப் போகச் சொல்லுவாள். கவுன்சில்காரர் முன்னால் மட்டும் அந்தக் குரல் எங்கேயோ போய்விடும். அந்தப் பயத்தைப் புருசனிடமிருந்துதான் பழகினாள்.

மூன்று தடவை வயிற்றில் தங்கிக் கலைந்தது. மூன்றாவது ஐந்தாம் மாதத்தில். அதற்குப் பிறகு அவள் பாடகர் குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு வருடம் கழித்து, சூசை ஓட்டுகிற பஸ்ஸுக்குள்ளேயே ஒட்டியிருந்த தத்தெடுப்பு விளம்பரத்தைப் படம் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். அந்தப் போம் பெரியது. பழைய காதல் உண்டா, சின்ன வயதில் அடி வாங்கியதுண்டா, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நல்லதாக ஒரு பதில் எழுதினேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்த ஒரு கவுன்சிலில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் தேடிக்கொண்டிருந்தார்கள். நாலரை வயதுப் பெண்பிள்ளை. பெற்ற தாய் எங்கள் சனம்தான், மனநிலை சரியில்லாதவள். பிள்ளை பிறந்ததிலிருந்து நாலாவது வீடு இது என்றார்கள். 2016 ஆடி மாதம் ஷெறோன் இரண்டு பைகளோடு வந்து இறங்கினாள். அருள்மலர் அன்று எனக்குப் போன் எடுத்து அழுதாள். சந்தோசத்தில்தான்.

வந்து ஏழு நாள் முடியவில்லை, முதல் கிழமையிலேயே தலையணை உறைக்குள் அவித்த முட்டை நாலு கிடந்தது. நாறும்வரை தெரியவில்லை. நாளைக்குச் சாப்பாடு இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் இதுவரை காட்டவில்லை. அருள்மலர் திட்டவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் பிஸ்கட் வைத்து, இது உன்னுடையது, ஒருவரும் தொடமாட்டார்கள் என்று சொன்னாள். பள்ளிச் சமையலறையில் பழகியவளுக்கு அது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. அவள் வெங்காயம் வெட்டும்போது ஷெறோன் நிலத்தில் இருந்து அவளுடைய காலில் முதுகைச் சாய்த்துக்கொள்வாள். கழிப்பறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை. அருள்மலருக்கு அது பிடித்திருந்தது.

பிறகு கடிக்கத் தொடங்கினாள். காரணம் இருக்காது. சந்தோசமாக விளையாடிக்கொண்டிருப்பாள், அடுத்த நிமிடம் அருள்மலரின் கையில் பல் பதிந்து இரத்தம் வரும். கடித்துவிட்டு மேசைக்கு அடியில் போய் இருந்து, தன்னை எப்போது திருப்பி அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்பாள். ஆங்கிலத்தில், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல.

தத்தெடுப்பை உறுதிசெய்யும் நீதிமன்ற உத்தரவு வரும்வரை கவுன்சிலில் இருந்து ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவாள். வெள்ளைக்காரி, நல்ல மனுசி. ஒருநாள் நானும் அங்கே இருந்தேன். மாமா முறையில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல வெயில் காலம். அருள்மலர் முழுக்கை கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்தாள். அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாள். கஷ்டமாக இருக்கிறதா, முதல் வருடம் எல்லோருக்கும் கஷ்டம்தான், சொன்னால் நாங்கள் ஆள் அனுப்பலாம். அருள்மலர் என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்தினேன். எல்லாம் நல்லம் என்று அவள் ஆங்கிலத்தில் சொல்ல, மற்றவள் எழுதிக்கொண்டாள். அவள் போன பிறகு அருள்மலர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பழைய காயமும் புதிய காயமும்.

"இதைச் சொல்லியிருக்கலாமோ அண்ணை?"

"விசரே உனக்கு? கோட் ஓடர் இன்னும் வரேல்லை. சமாளிக்க ஏலாமக் கிடக்கு எண்டு சொன்னா பிள்ளையை வேற ஆக்களுக்குக் குடுத்திடுவினம். ஓடர் வரட்டும்."

உத்தரவு அடுத்த வருடம் வைகாசியில் வந்தது. நீதிபதி தன்னுடைய கதிரையில் ஷெறோனை இருத்திப் படம் எடுத்தார். நாங்கள் பூசை மண்டபத்தில் கேக் வெட்டினோம். அதே கிழமை அருள்மலர் என் மேசைக்கு வந்தாள்.

"இனிச் சொல்லலாம்தானே?"

"முதல் ஒண்டு சொல்லி இப்ப வேறொண்டு சொன்னா, முதல் சொன்னது பொய் எண்டு எழுதுவினம். சூசைக்கு நடந்தது மறந்துபோச்சோ?"

சூசை பக்கத்தில்தான் நின்றான். அவன் தலையாட்டினான். ஒன்றும் பேசாமல் தலையாட்டுவதில் அவனை வெல்ல ஆளில்லை.

இதில் எனக்கு வயிறெரிகிற இடம் என்னவென்றால், உதவி இருந்தது. தத்தெடுத்த பிறகும் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது கவுன்சிலின் கடமை. உத்தரவு கிடைத்து மூன்று வருடம்வரை பிள்ளையைத் தந்த கவுன்சில், அதற்குப் பிறகு நாங்கள் இருக்கிற இடத்துக் கவுன்சில். என்ன தேவை என்று கேட்டு மதிப்பிட வேண்டும், இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தெரிந்த சிகிச்சையாளரை ஏற்பாடு செய்யலாம், பெற்றோருக்கும் வகுப்பு உண்டு. இதெல்லாம் ஒரு ஊதா நிறத் துண்டுப் பிரசுரத்தில் எழுதி வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை, நாமாகக் கேட்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை போன் எடுத்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அருள்மலர் ஒரு கையால் ஷெறோனைத் தடுத்துக்கொண்டு மற்றக் கையில் போனைப் பிடித்து, எல்லாம் நல்லம், மிக்க நன்றி என்பாள். முப்பத்தாறு வருடம் போம் நிரப்பிய பெரிய மனுசன் நான், கேட்டால் கொடுப்பதற்கென்றே ஒரு கதவு இந்த நாட்டில் இருக்கும் என்று நம்பவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மறுக்கிற கதவுகள்தான்.

பிள்ளை வளர வளரக் கடி நின்று உதையும் அடியும் வந்தது. முதல் நற்கருணை எடுத்த அன்று கோயில் வாசலில் எல்லோருக்கும் முன்னால் அருள்மலரின் வயிற்றில் குத்தினாள். அடிச்சு வளர்க்காத குறை என்றார்கள் எங்கள் பெண்கள் சிலர். அதுகளின் வாயைத் தைக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் நல்ல நாட்களும் இருந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். டிராமில் இரண்டுபேரும் பக்கத்தில் இருந்து பாடிக்கொண்டு போவதை நான் கண்டிருக்கிறேன். தாயைப்போலவே அரைத் தாளம் பிந்தித்தான் அவளும் பாடுவாள்.

பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனதோடு எல்லாம் கைமீறியது. மாதத்தில் பாதி நாள் பள்ளியில் இருந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லுவார்கள். அருள்மலர் சமையலறை வேலையை விட்டாள். சூசை ஓவர்டைம் கேட்டு வாங்கிப் பஸ்ஸிலேயே இருந்தான். நான் அவனைக் கோழை என்று சொல்லுவேன், ஆனால் எனக்கு அந்த உரிமை இல்லை.

2024 மாசியில் ஒரு பின்னேரம். ஷெறோனின் போனைப் பள்ளியில் பறித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்தினாள். அருள்மலர் தள்ளித் திறந்தபோது பிள்ளை யன்னலில் ஒரு காலை வெளியே போட்டுக்கொண்டு இருந்தது. இரண்டாம் மாடி. ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்து, அவள் அடங்கும்வரை விடாமல் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. அடுத்த நாள் விளையாட்டு வகுப்பில் ஆசிரியை அந்தக் கையில் நாலு விரல் அடையாளம் கண்டு கேட்டிருக்கிறாள். அம்மா பிடித்தாள் என்று ஷெறோன் சொன்னாள். பொய் இல்லை, உண்மைதான்.

அன்று மத்தியானமே கவுன்சிலில் இருந்து இரண்டுபேர் வந்தார்கள். உதவி செய்ய அல்ல, விசாரிக்க. என்னைக் கூப்பிட்டிருந்ததால் நானும் போனேன். அருள்மலர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஏழரை வருடக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னாள், முட்டையில் தொடங்கி யன்னல்வரை. அவளுடைய பழைய குரல் அன்று திரும்பி வந்தது. அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர் கணினியைத் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகவே கேட்டார்: இதில் எட்டு இடத்தில் கஷ்டம் எதுவும் இல்லை என்றல்லவா இருக்கிறது, ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை?

பிள்ளையின் கையில் காயம் கண்டுபிடித்த அன்றைக்குத்தான் தாய் முதல்தடவையாக, பிள்ளை என்னை அடிக்கிறாள் என்கிறாள். கேட்கிறவனுக்கு அது எப்படி இருக்கும்? நானே அந்தக் கதிரையில் இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டேன். சொன்னதை மாற்றினால் நம்பமாட்டார்கள் என்ற என்னுடைய சட்டம் கடைசியில் சரியாகத்தான் வந்தது, என் வாயில் மண் விழ.

ஒரு மாதம் கழித்துத்தான் சுப்ரியா வந்தாள். தத்தெடுத்த குடும்பங்களுக்கான உதவிப் பிரிவில் வேலை. தமிழ்நாட்டுப் பெண், முப்பது வயதிருக்கும். கொண்டுவந்த மடிக்கணினியைத் திறக்காமல் அருள்மலரின் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"அக்கா, நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா நான் நம்பினா மட்டும் போதாது."

அவள் பாடுபட்டாள், குறை சொல்லமாட்டேன். மதிப்பீடு எழுதி முடிக்க நாலு மாதம். அதை ஒப்புக்கொள்ள மேலே இருக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு மாதம். கிடைத்தது பத்துத் தடவை ஒரு சிகிச்சையாளரைப் பார்க்க அனுமதி, அதற்கும் பெயர் எழுதிக் காத்திருக்க வேண்டும். நாலரை வயதில் வந்திருக்க வேண்டிய ஆள் பன்னிரண்டு வயதில் வரிசையில் நின்றார். அந்த ஆள் வருவதற்குள் ஐப்பசி மாதத்தில் ஒருநாள் ஷெறோன் அருள்மலரின் கை இடையில் இருக்கக் கதவை அடித்துச் சாத்தினாள். இரண்டு விரல் முறிந்தது. ஆஸ்பத்திரியில் சூசைதாசன் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"இனி ஏலாது. எனக்கு உன்னைப் பார்க்கிறதோ, அவளைப் பார்க்கிறதோ எண்டு தெரியேல்லை."

கொஞ்சக் காலத்துக்கு வேறொரு வீட்டில் வளர்ப்புப் பெற்றோரிடம் விடலாம் என்று சுப்ரியா சொன்னாள். பெற்றோரின் சம்மதத்தோடு, ஆறு கிழமைக்கு. அருள்மலர் இடக்கையால் கையெழுத்து வைத்தாள். ஷெறோன் இரண்டு பைகளோடு காரில் ஏறினாள். அழவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. எப்போது அனுப்புவீர்கள் என்று எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவள், நாங்கள் அனுப்பிவிட்டோம்.

ஆறு கிழமை எட்டு மாதமானது. சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் சந்திக்க ஏற்பாடு. முதல் இரண்டு சனி ஷெறோன் வந்து தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தாள். அருள்மலர் கொண்டுபோன கட்லட்டில் ஒன்றைத் தின்று இன்னொன்றைப் பையில் போட்டாளாம். மூன்றாவது சனி வரவில்லை. அதற்குப் பிறகு வரவேயில்லை. அருள்மலர் மட்டும் தவறாமல் போய் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு, செய்து கொண்டுபோனதை அங்கே வேலை செய்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு வருவாள்.

இந்த வருடம் சித்திரையில் சுப்ரியா வந்து நிலைமையைச் சொன்னாள். ஆனியில் மீளாய்வுக் கூட்டம். ஷெறோன் வீட்டுக்குத் திரும்புவதா, பதினெட்டு வயதுவரை வெளியிலேயே இருப்பதா என்று அதில் தீர்மானிப்பார்கள். வீட்டுக்கு வருவதென்றால் முதல் நாளிலிருந்தே சிறப்புச் சிகிச்சை, வீட்டுக்கு வந்து நிற்க ஆள், பள்ளியில் தனி ஏற்பாடு எல்லாம் வேண்டும்.

"அவங்க கேக்கிறது ஒண்ணுதான் அக்கா. இது பிள்ளை வந்த நாள்லருந்து இருக்கிற தேவையா, இல்ல அம்மாவால இப்ப சமாளிக்க முடியலையா? நீங்க வாயால சொன்னதை நான் ஒரு வரியில எழுதியிருக்கேன். அது பத்தாது. தேதி தேதியா, என்ன நடந்துச்சுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா நான் அவங்ககிட்ட சண்டை போட முடியும்."

"தேதி எங்கால கிடக்கு?" என்று நான் கேட்டேன்.

அருள்மலர் எழும்பிப்போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சுருள் கொண்டுவந்தாள். தமிழ்க் கடைகளில் வருடப் பிறப்புக்கு இனாமாகத் தருகிற சுவர்க் கலண்டர்கள், ஒன்பது வருடத்தினது. நாட்களுக்குள் பேனையால் சின்னச் சிலுவைகள். ஒரு சிலுவை என்றால் அடித்தாள், இரண்டு என்றால் இரத்தம் வந்தது. சுற்றி வட்டம் போட்டிருந்தால் அன்று தானும் கத்திவிட்டாள். யாருக்கும் காட்டுவதற்காக அல்ல, பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுவதற்காக அடையாளப்படுத்தி வைத்தாளாம். ஒன்பது வருடமாக அவள் உண்மையைப் பாதிரியாரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், அதுவும் தன்னுடைய பாவமாக.

மூன்று சனிக்கிழமை, அந்த மண்டபத்திலிருந்து அவள் திரும்பி வந்த பிறகு, நானும் அவளும் சமையலறை மேசையில் இருந்து எழுதினோம். கலண்டரைப் பார்த்து அவள் சொல்லுவாள், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். பதினொரு பக்கம் வந்தது. நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான். பொய்யாக ஒரு சொல் இல்லை. நான் சொல்லிக்கொடுத்துத்தான் அவள் எல்லாம் நல்லம் என்று சொன்னாள் என்பதையும் எழுதுகிறேன் என்றேன், அவள் மறுத்தாள். வாசித்துக் காட்டினேன். கையெழுத்து வைத்தாள். பிள்ளை வந்துவிடும் என்று அன்று எனக்கு உண்மையாகவே நம்பிக்கை வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் சந்தோசத்தில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்னால் சுப்ரியா அதை வாங்க வந்தாள். மேசையில் இருந்தே வாசித்து முடித்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"இது போதும் அக்கா. இதை வச்சு என்னால பேச முடியும்."

"இதை ஆர் ஆர் பார்ப்பினம் பிள்ளை?" என்று அருள்மலர் கேட்டாள்.

"கூட்டத்துல இருக்கிறவங்க. அப்புறம் ஷெறோனோட பைல்ல இருக்கும்."

"பைல் பிறகு எங்க போகும்?"

சுப்ரியா பக்கங்களை மேசையில் வைத்தாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எங்கயும் போகாது. அவளுக்குப் பதினெட்டு வயசானா அதைக் கேட்டு வாங்கி வாசிக்கலாம். அது அவளோட உரிமை. நிறையப் பிள்ளைங்க வாங்கி வாசிக்கிறாங்க."

அருள்மலர் அந்தப் பதினொரு பக்கத்தையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் கோபம் வந்தது.

"தங்கச்சி, பிள்ளை திரும்பி வாறதுக்கு உன்னட்டை இருக்கிறது இது ஒண்டுதான். விசர்வேலை பாக்காதை."

"அண்ணை, அவளைத் தாறதுக்கு முன்னம் ஒரு றிப்போட் தந்தவையெல்லே. நாற்பது பக்கம். நீங்கள்தானே எனக்கு வாசிச்சுச் சொன்னனீங்கள். பெத்தவள் என்னென்ன செய்தவள், எத்தினை வீட்டில இருந்து அனுப்பினவை எண்டு எல்லாம் அதில கிடக்கு. அதையும் அவள் ஒருநாள் வாசிப்பாள். அதுக்குப் பின்னால இந்தப் பதினொரு பக்கமும் கிடந்தா? நாலரை வயசில இருந்து தான் ஒருத்தியைக் கடிச்சதும் உதைச்சதும் விரலை முறிச்சதும் திகதியோட கிடந்தா? தன்னை என்னெண்டு நினைப்பாள்?"

"கொஞ்சம் மென்மையா மாத்தி எழுதலாமா?" என்று நான் சுப்ரியாவிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எழுதலாம் சார். ஆனா மென்மையா எழுதினா, இதுக்கு எதுக்கு இவ்வளவு உதவின்னு கேட்டுடுவாங்க. எவ்வளவு மோசம்னு எழுதுறோமோ அவ்வளவுதான் கிடைக்கும்."

ஒரு பிள்ளைக்கு உதவி வாங்க வேண்டுமென்றால் அந்தப் பிள்ளையை எவ்வளவு மோசமாக எழுத முடியுமோ அவ்வளவு மோசமாக எழுத வேண்டும். அப்படி ஒரு முறையை யார் கண்டுபிடித்தானோ தெரியாது. சூசை அன்று வீட்டில் இருந்தான். அவனாவது சொல்லுவான் என்று பார்த்தேன். பெண்சாதியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். சுப்ரியா போகும்போது யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். அந்தக் கிழமை முழுக்க நான் தினமும் போன் எடுத்தேன். மூன்றாம் நாளிலிருந்து அருள்மலர் என் போனை எடுக்கவில்லை.

கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. கவுன்சில் கட்டடத்தில் மூன்றாம் மாடி, ஏழுபேர். சூசைக்கு லீவு கிடைக்கவில்லை என்றான். நான் அவளோடு போனேன். ஷெறோன் வரவில்லை. இப்போதிருக்கிற வீட்டில் இருக்க விருப்பம் என்று சொல்லியிருப்பதாகக் கூட்டத்தின் தலைவர் வாசித்தார். சுப்ரியா தன்னிடமிருந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தாள். ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள், அவள் அருள்மலரைப் பார்த்தாள். தாய் ஏதாவது சேர்த்துச் சொல்ல விரும்புகிறாரா என்று தலைவர் கேட்டார்.

"ஒண்டும் இல்லை," என்றாள் அருள்மலர். என் பக்கம் திரும்பவில்லை. நான் மொழிபெயர்த்தேன். என் கைப்பையில் அந்தப் பதினொரு பக்கத்தின் பிரதி இருந்தது. எழும்பி அதை மேசையில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வைக்கவில்லை. ஆயுள் முழுக்க மற்றவர்களுக்காகப் பேசியவன், பேச வேண்டிய அன்றைக்குக் கதிரையில் ஒட்டிக்கொண்டு இருந்தேன். பதினெட்டு வயதுவரை பிள்ளை வெளியில் இருக்கும், சந்திப்பு பிள்ளையின் விருப்பப்படி என்று எழுதிக்கொண்டார்கள். பத்து நாற்பதுக்குக் கூட்டம் முடிந்துவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் நிறையச் சனம். எங்களுக்கு முன்னால் இரண்டு பொடியன்கள் வரிசைக்குள் புகுந்தார்கள். அருள்மலர் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவள் வாசிக்கேக்க, என்னைப் பற்றி என்ன கிடக்கும் அண்ணை?"

நான் யோசித்துப் பார்த்தேன். எல்லாம் நலம் என்று எட்டுத் தடவை. பிறகு, தாய் மகளின் கையில் விரல் பதியப் பிடித்தாள். பிறகு, தாய் சம்மதித்துப் பிள்ளையைக் கொடுத்தாள். பிறகு, திருப்பிக் கேட்கும் கூட்டத்தில் தாய்க்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இதை ஒவ்வொன்றாக அவளுக்குச் சொன்னேன். வேறு எதைச் சொல்ல?

"அப்ப என்னிலதான் கோவிப்பாள்," என்றாள் அருள்மலர். "தன்னில கோவிக்கமாட்டாள். அது எனக்குப் போதும்."

பஸ் வந்தது. இடம் இருந்தது, இரண்டுபேரும் இருந்தோம். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் பையைத் துழாவி ஒரு கடதாசித் துவாயை எடுத்து என்னிடம் தந்துவிட்டு, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.